புராஸ்டேட் புற்றுநோய் பரவுவதில் அக்கம்பக்கச் செல்களின் பங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புராஸ்டேட் புற்றுநோய் என்றதும் பேச்சு முழுக்கப் புற்றுச் செல்லைப் பற்றியே போகிறது. பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரந்து ரத்தத்தில் கலக்கும் புரதம்) எவ்வளவு, கிளீசன் மதிப்பெண் (நுண்ணோக்கியில் தெரியும் புற்றின் தீவிரம்) எவ்வளவு, எந்த மரபணு மாறியிருக்கிறது என்றுதான் கேட்கிறோம். ஆனால் அந்தச் செல் தனியாக இல்லை. அதைச் சுற்றி நார்த்திசு, தசை, கொழுப்பு, நரம்பு, ரத்தக் குழாய், எதிர்ப்புச் செல்கள் என்று பெருங்கூட்டம் இருக்கிறது. கட்டி சுரப்பிக்குள்ளேயே அடங்கிக் கிடக்குமா, எலும்புவரை போகுமா என்பதில் அந்தக் கூட்டத்துக்கும் பங்கு உண்டு. நோயாளிகளும் வீட்டாரும் கேட்கக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டு, உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியது உங்களைப் பரிசோதித்த மருத்துவரோடு பேசித்தான்.

சுற்றியுள்ள செல்கள் என்றால் எவை?

புராஸ்டேட் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்த சுரப்பி. வளர்ந்த இளைஞருக்கு ஏறக்குறைய 20 கிராம் இருக்கும். உள்ளே நுண்ணிய சுரப்பிக் குழல்கள் கிளைகிளையாகப் பிரிந்திருக்கின்றன. குழலின் உட்புறத்தில் திரவம் சுரக்கும் செல்கள், அவற்றுக்கு வெளியே அடிச்செல்களின் வரிசை, அதையும் தாண்டி அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய தடுப்பு. அந்தச் சவ்வுக்கு அப்பால் உள்ள இணைப்புத் திசு முழுவதற்கும் ஸ்ட்ரோமா என்று பெயர்.

ஆரோக்கியமான புராஸ்டேட்டின் ஸ்ட்ரோமாவில் மென்தசைச் செல்களே அதிகம். இடையிடையே ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் இருக்கும். கொலாஜன் போன்ற நார்ப்பொருளைச் செய்து திசுவுக்கு உருவம் தருபவை இவை. ரத்தக் குழாய்கள், நரம்புகள், எதிர்ப்புச் செல்கள் இவற்றினூடே ஓடுகின்றன. புற்று வந்த இடத்தில் அடிச்செல் வரிசை காணாமல் போயிருக்கும். சிறு திசுத்துண்டை எடுத்துப் பார்க்கும் பயாப்சியில் 'இது புற்றுதான்' என்று நோயியல் மருத்துவர் முடிவுக்கு வர உதவும் முக்கியத் தடயம் அது. அதற்குப் பிறகு புற்றுச் செல்லும் ஸ்ட்ரோமாவும் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டு வாழ்கின்றன.

இப்படி யோசிக்கத் தொடங்கியது யார்?

1889இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிணப் பரிசோதனைக் குறிப்புகளைப் படித்தார். புற்று ரத்தத்தின் வழியே எங்கும் போக முடியும் என்றால் எல்லா உறுப்புகளிலும் ஒரே அளவில் அல்லவா தெரிய வேண்டும்? அப்படி இல்லை. கல்லீரலிலும் சில எலும்புகளிலும் மிகுதியாக இருந்தது. மண்ணீரலில் அரிதாகவே இருந்தது. புற்றுச் செல்லை விதை என்றும், அது போய் விழும் உறுப்பை மண் என்றும் சொன்னார் பேஜெட். எல்லோரும் விதையை ஆராய்கிறார்கள், மண்ணையும் ஆராய வேண்டும் என்பது அவர் வாதம். அதற்குப் பிறகு நெடுங்காலம் ஆராய்ச்சி விதையின் பக்கமே சாய்ந்திருந்தது.

பக்கத்துச் செல்கள் தூண்டுகின்றன என்பதற்கு நேரடிச் சான்று உண்டா?

உண்டு. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

முதலில் வளர்ச்சியின் கதை. ஆண்மை ஹார்மோன் இல்லாவிட்டால் கருவில் புராஸ்டேட் உருவாகாது. அந்த ஹார்மோனின் செய்தியை வாங்குவது யார்? சுரப்பிச் செல்தான் என்று நினைப்பது இயல்பு. அமெரிக்க ஆய்வாளர் ஜெரால்ட் குன்ஹா 1970களில் எலிகளின் திசுக்களைப் பிரித்து மாற்றிச் சேர்த்துப் பார்த்தார். ஹார்மோன் ஏற்பியே (ஹார்மோனின் செய்தியை வாங்கும் புரதமே) இல்லாத எலியின் சுரப்பிப் படலத்தை, ஏற்பி உள்ள எலியின் ஸ்ட்ரோமாவோடு சேர்த்தார்; புராஸ்டேட் திசு உருவானது. மாற்றிச் சேர்த்தபோது உருவாகவில்லை. ஆக, செய்தியைக் கேட்டது ஸ்ட்ரோமா; கேட்டுப் பக்கத்துச் செல்லை வளரச் சொன்னதும் அதுவே.

அடுத்து 1999. சான்ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அரியா ஒலுமியும் குன்ஹாவும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனை. புராஸ்டேட் சுரப்பிச் செல்களை ஆய்வகத்தில் முடிவின்றிப் பெருகும்படி மாற்றியிருந்தார்கள். ஆனாலும் அவை எலிக்குள் வைத்தால் கட்டியாக மாறாதவை. அவற்றைச் சாதாரண ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளோடு கலந்து எலிக்குள் வைத்தபோது கட்டி வரவில்லை. மனிதப் புராஸ்டேட் புற்றுக் கட்டியிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளோடு கலந்து வைத்தபோது புற்றுக் கட்டி வளர்ந்தது. இரண்டு முறையும் சுரப்பிச் செல்கள் ஒரே வகைதான். மாறியது கூட இருந்தவை மட்டும். ஒரு முக்கிய எச்சரிக்கை: அந்தச் சுரப்பிச் செல்கள் முழு ஆரோக்கியமானவை அல்ல, பாதிவழி மாறியவை. பக்கத்துச் செல் தூண்டிவிட்டதால் மட்டுமே நல்ல செல் புற்றாகிவிடும் என்று இந்தச் சோதனையிலிருந்து சொல்ல முடியாது.

ஃபைப்ரோபிளாஸ்ட் எப்படி இப்படி மாறிப்போகிறது?

காயம் பட்டால் என்ன செய்யுமோ அதைத்தான் செய்கிறது. தோலில் வெட்டுப்பட்டால் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் விழித்தெழுந்து, கொலாஜனைக் கொட்டி, சுருங்கி இழுத்துக் காயத்தை மூடுகின்றன. வேலை முடிந்ததும் அடங்கிவிடுகின்றன. புற்றுச் செல்கள் சுரக்கும் டி.ஜி.எஃப்-பீட்டா உள்ளிட்ட புரதங்கள் அதே வேலையைத் தொடங்கச் சொல்கின்றன, ஆனால் நிறுத்தச் சொல்வதில்லை. அமெரிக்க நோயியல் மருத்துவர் ஹெரால்ட் ட்வோராக் 1986இல் எழுதிய கட்டுரையில் கட்டிகளை 'ஆறாத காயங்கள்' என்றார்.

புராஸ்டேட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கட்டியைச் சுற்றி மென்தசைச் செல்கள் குறைந்து, அவை இருந்த இடத்தை இந்த விழித்தெழுந்த ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் பிடித்துக்கொள்கின்றன. திசு விறைக்கிறது. கொலாஜன் இழைகள் ஒரே திசையில் நேராகி, புற்றுச் செல் பிடித்துக்கொண்டு நகரத் தோதான தடங்களாகின்றன. புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. நார்ப்பொருளை அரிக்கும் நொதிகளும் சுரப்பதால் வெளியேறும் வழி இளகுகிறது.

அப்படியானால் அந்த ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளை எல்லாம் அழித்துவிட்டால் தீர்ந்ததா?

இல்லை. அதே ஸ்ட்ரோமா புற்றைக் கட்டுப்படுத்தியும் வைக்கிறது. 2004இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் மோசஸ் குழுவினர், எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளில் மட்டும் டி.ஜி.எஃப்-பீட்டா ஏற்பியை நீக்கினார்கள். சுரப்பிச் செல்களைத் தொடவே இல்லை. ஆனாலும் புராஸ்டேட்டில் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் தோன்றின. ஃபைப்ரோபிளாஸ்ட் அந்தச் செய்தியைக் கேட்டு, பக்கத்துச் செல்லை அடக்கி வைத்திருந்திருக்கிறது என்று பொருள்.

ஹார்மோன் ஏற்பியிலும் இதே புதிர். புற்றுச் செல்லுக்குள் அந்த ஏற்பி வேலை செய்வது கெடுதல். அதை அடக்கத்தான் ஹார்மோன் சிகிச்சை. ஆனால் ஸ்ட்ரோமா செல்களில் அதே ஏற்பி குறைந்திருந்த நோயாளிகளுக்கு நோய் திரும்புவது அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எந்த ஃபைப்ரோபிளாஸ்ட் காவல் காக்கிறது, எது கதவைத் திறக்கிறது என்று பிரித்தறியாமல் எல்லாவற்றையும் தாக்குவது ஆபத்து. இந்தத் துறையின் நிதானத்துக்கு இதுவே காரணம். அந்த நிதானம் சரி என்றே நான் நினைக்கிறேன்.

கிளீசன் மதிப்பெண்ணில் சுற்றுப்புறமும் சேருமா?

சேராது. டொனால்ட் கிளீசன் 1960களில் வகுத்த முறை, புற்றுச் செல்கள் குழல் வடிவை எவ்வளவு இழந்திருக்கின்றன என்பதை மட்டுமே பார்க்கிறது. கட்டிக்குள் விழித்தெழுந்த ஸ்ட்ரோமா எவ்வளவு என்று தனியாக அளக்கும் முறையை குஸ்டாவோ அயாலா குழுவினர் 2003இல் வெளியிட்டார்கள். கட்டியில் பாதிக்கு மேல் இந்த ஸ்ட்ரோமா இருந்தவர்களுக்கு அறுவைக்குப் பிறகு பி.எஸ்.ஏ. மீண்டும் ஏறுவது அதிகமாக இருந்தது. ஆனாலும் வழக்கமான ரிப்போர்ட்டில் இந்த அளவை நீங்கள் பார்க்க மாட்டீர்கள்.

அப்பாவின் பயாப்சி ரிப்போர்ட்டில் 'நரம்பைச் சுற்றி ஊடுருவல்' என்று இருக்கிறது. மூளைக்குப் போய்விடுமா?

போகாது, அந்தப் பயம் வேண்டாம். புராஸ்டேட்டுக்குள் ஓடும் மெல்லிய நரம்பிழைகளை ஒட்டிப் புற்றுச் செல்கள் காணப்பட்டன என்பதே அதன் பொருள். புராஸ்டேட் புற்றில் இது பரவலாகக் காணப்படுவதுதான். நரம்பை ஒட்டிய இடம் புற்றுச் செல் சுரப்பியை விட்டு வெளியே வர எளிய வழி என்பதால் மருத்துவர் அதைக் கவனிக்கிறார். அதை வைத்து மட்டும் முடிவெடுப்பதில்லை. கிரேடு, பி.எஸ்.ஏ., ஸ்கேன் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் எடை போடுகிறார்.

நரம்பு வெறும் வழி மட்டும் அல்ல என்பதும் தெரிய வந்திருக்கிறது. கிளேர் மாக்னோன், பால் ஃப்ரெனெட் குழுவினர் 2013இல் வெளியிட்ட எலி ஆய்வில், ஒருவகைத் தன்னியக்க நரம்புகள் கட்டியின் தொடக்க வளர்ச்சிக்கும், இன்னொரு வகை நரம்புகள் பரவலுக்கும் துணைபோயின. நரம்புகளைத் துண்டித்தபோது இரண்டும் தடைபட்டன. அப்பாவுக்கு இதிலிருந்து இன்று கிடைக்கும் சிகிச்சை எதுவும் இல்லை. அவருடைய மருத்துவரிடம், "இந்த வரி உங்கள் திட்டத்தை மாற்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள்.

எதிர்ப்புச் சக்தி ஏன் புற்றை அழிக்கவில்லை? இம்யூனோதெரபி உதவுமா?

நுரையீரல் புற்றிலும் மெலனோமா என்ற தோல் புற்றிலும் பலரைக் காப்பாற்றிய, எதிர்ப்புச் சக்தியை முடுக்கிவிடும் இம்யூனோதெரபி மருந்துகள், புராஸ்டேட் புற்றில் பெரும்பாலோருக்கு ஏமாற்றமே தந்தன. கொல்லும் டி-செல்கள் புராஸ்டேட் கட்டிக்குள் குறைவு. வந்தவற்றையும் அடக்கும் செல்கள் அங்கே அதிகம். டி.என்.ஏ. பழுதைத் திருத்தும் அமைப்பில் ஒரு குறிப்பிட்ட குறை உள்ள சிறு பகுதியினருக்கு மட்டும் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து நன்றாக வேலை செய்கிறது. பரவிய நோய்க்கு மரபணுச் சோதனை செய்யச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடக்கும் செல்களைப் பற்றி ஒரு செய்தி. ஆண்ட்ரியா அலிமோன்டியின் குழு 2018இல், மைலாய்டு வகையைச் (ஒருவகை வெள்ளணுக்கள்) சேர்ந்த அடக்கும் செல்கள் சுரக்கும் ஐ.எல்-23 என்ற புரதமே, ஹார்மோன் சிகிச்சையைத் தாண்டிப் புற்றுச் செல் பிழைக்க உதவுகிறது என்று காட்டியது. எதிர்ப்புப் படையைச் சேர்ந்த செல்லே எதிரிக்கு உணவூட்டுகிறது. அந்தச் செல்கள் கட்டிக்குள் வருவதைத் தடுக்கும் மருந்தை என்சாலுட்டமைடு என்ற ஹார்மோன் மருந்தோடு சேர்த்துக் கொடுத்த சிறு சோதனையின் முடிவு 2023இல் வந்தது; சிகிச்சைக்கு மசியாத நோயாளிகளில் சிலருக்குப் பலன் தெரிந்தது. தொடக்கநிலைச் சோதனைதான். ஆனால் சுற்றுப்புறத்தை மாற்றினால் மனிதரிடமும் புற்று அசைகிறது என்று காட்டியதால் இதை முக்கியமாகக் கருதுகிறேன்.

உடல் பருமனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பருமன் உள்ளவர்களுக்குத் தீவிரமான புராஸ்டேட் புற்றும், அதனால் இறப்பும் கூடுதல் என்று பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு காரணம் சுரப்பியைச் சூழ்ந்துள்ள கொழுப்பாக இருக்கலாம். அந்தக் கொழுப்புச் செல்கள் சுரக்கும் சி.சி.எல்-7 என்ற புரதம் புற்றுச் செல்களை வெளியே ஈர்க்கிறது என்றும், பருமன் இருந்தால் அது கூடுகிறது என்றும் பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள்.

பரவும்போது ஏன் எலும்பையே தேடிப் போகிறது?

ரத்தத்தின் வழியே பரவிய புராஸ்டேட் புற்றோடு இறந்தவர்களில் ஏறக்குறைய 90 சதவீதத்தினருக்கு எலும்பில் பரவல் இருந்தது என்று, 2000இல் வெளியான பெரிய பிணப் பரிசோதனை ஆய்வு சொல்கிறது. இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு, இரண்டும் உண்மையே.

ஒன்று, பாதை. 1940இல் ஆஸ்கர் பேட்சன் என்ற உடற்கூறியல் பேராசிரியர், இறந்த உடல்களில் ஆண்குறியின் மேற்புறச் சிரைக்குள் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். சாயம் முதுகெலும்பைச் சூழ்ந்த சிரைப் பின்னலுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சிரைகளில் வால்வுகள் இல்லை; இருமினாலும் முக்கினாலும் ரத்தம் எதிர்த்திசையிலும் போகும். முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் பரவல் முதலில் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் போய்ச் சேர்வது வேறு, தங்கி வாழ்வது வேறு. இங்கேதான் பேஜெட் சொன்ன மண் வருகிறது. எலும்பு மஜ்ஜையில் ரத்தத்தை உற்பத்தி செய்யும் தாய்ச் செல்களுக்கென்று தனி இடங்கள் உண்டு. அங்குள்ள எலும்பு கட்டும் செல்கள் சி.எக்ஸ்.சி.எல்-12 என்ற புரதத்தைச் சுரந்து தாய்ச் செல்களை அருகே வைத்துக்கொள்கின்றன. புராஸ்டேட் புற்றுச் செல்லிலும் அந்தப் புரதத்துக்கான ஏற்பி இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் டைக்மன் குழுவினர் 2011இல் எலிகளில் காட்டியது, புற்றுச் செல்கள் அதே இடங்களுக்குப் போட்டியிட்டுத் தாய்ச் செல்களை வெளியே தள்ளிவிட்டுக் குடியேறுகின்றன என்பது. குடியேறியதும் உடனே பெருகுவதில்லை. அந்த இடம் தாய்ச் செல்லைத் தூங்க வைப்பதுபோலவே புற்றுச் செல்லையும் தூங்க வைக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்து பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் சிலருக்கு நோய் எலும்பில் தலைகாட்டுவதை இந்த உறக்கம் விளக்குகிறது. எது எழுப்புகிறது என்பதே இந்தத் துறை இன்று விடை தேடும் பெரிய கேள்வி.

ஸ்கேனில் எலும்பு இறுகிக் கெட்டியாகத் தெரிகிறது என்கிறார்கள். கெட்டியானால் நல்லதுதானே?

அப்படித்தான் தோன்றும், ஆனால் அந்த எலும்பு ஒழுங்கில்லாமல் கட்டப்பட்டது, எளிதில் முறியும். புற்றுச் செல்கள் எலும்பு கட்டும் செல்களை முடுக்கிவிடுகின்றன. அதே நேரத்தில் எலும்பைக் கரைக்கும் செல்களும் வேலை செய்கின்றன. கரையும் எலும்பிலிருந்து வெளிவரும் வளர்ச்சிப் புரதங்கள் புற்றை வளர்க்கின்றன. வளர்ந்த புற்று எலும்புச் செல்களை மேலும் முடுக்குகிறது.

இதைப் படிப்பவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: புராஸ்டேட் புற்று உள்ளவருக்குப் புதிதாகக் கடும் முதுகுவலி, கால்கள் மரத்துப்போதல் அல்லது பலமிழத்தல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை இழத்தல் இவற்றில் ஏதாவது வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தண்டுவடம் அழுத்தப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். தாமதித்தால் நடக்க முடியாமலே போகலாம்.

சுற்றுப்புறத்தைக் குறிவைக்கும் மருந்துகள் இப்போது இருக்கின்றனவா?

எலும்பு தொடர்பாக இருக்கின்றன. எலும்பு கரைவதைத் தடுக்கும் சோலட்ரோனிக் அமிலமும் டெனோசுமாபும், ஹார்மோன் சிகிச்சைக்கு மசியாத நிலையில் எலும்பில் பரவியவர்களுக்கு முறிவு போன்ற சிக்கல்களைத் தள்ளிப்போடுகின்றன. எலும்புக்குப் பரவாத, ஆனால் ஹார்மோன் சிகிச்சைக்கு மசியாத நோயில் டெனோசுமாபைக் கொடுத்துப் பார்த்தபோது, எலும்புப் பரவல் சராசரியாக நான்கு மாதம் தள்ளிப்போனது, ஆயுள் கூடவில்லை. ரேடியம்-223 இன்னொரு வழி. கால்சியம் என்று எண்ணி எலும்பு அதை வாங்கிக்கொள்ள, புதிதாக எலும்பு கட்டப்படும் இடத்திலேயே கதிர்வீச்சு நடக்கிறது. 2013இல் வெளியான சோதனையில் அதைப் பெற்றவர்கள் நடுமட்டமாக 14.9 மாதமும், பெறாதவர்கள் 11.3 மாதமும் வாழ்ந்தார்கள். அதையே அபிராட்டெரோன் என்ற ஹார்மோன் மருந்தோடு ஒரே நேரத்தில் சேர்த்துக் கொடுத்தபோது எலும்பு முறிவுகள் கூடின. அதனால் அந்தச் சேர்க்கை கைவிடப்பட்டது.

தோல்விகளையும் சொல்ல வேண்டும். புற்றுக்கும் எலும்புக்கும் இடையிலான பேச்சை வெட்ட வந்த அட்ரசென்டான், டசாட்டினிப் இரண்டும் பெரிய சோதனைகளில் ஆயுளை நீட்டவில்லை. ஒரு செய்தியை வெட்டினால் இன்னொரு செய்தியின் வழியே பேச்சு தொடர்ந்துவிடுகிறது. இந்த மருந்துகளை எடுத்துக்கொண்ட ஆயிரக்கணக்கான நோயாளிகளால்தான் நமக்கு இது தெரியும். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

சிகிச்சையே சுற்றுப்புறத்தைக் கெடுத்துவிடும் என்று படித்தேன். கீமோவை மறுத்துவிடலாமா?

மறுக்க அது காரணமாகாது. நீங்கள் படித்தது அநேகமாக 2012ஆம் ஆண்டு சியாட்டிலில் நடந்த ஆய்வாக இருக்கும். கீமோவால் டி.என்.ஏ. பழுதான ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் டபிள்யூ.என்.டி-16பி என்ற புரதத்தைச் சுரந்து, எஞ்சிய புற்றுச் செல்கள் பிழைக்க உதவுகின்றன என்று அது காட்டியது. 2020இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்திலிருந்து வந்த ஆய்வு, ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் சுரக்கும் நியூரெகுலின் ஹார்மோன் மருந்துகளை எதிர்த்து நிற்க உதவுவதைக் காட்டியது.

இரண்டும் சொல்வது, மருந்து ஏன் என்றைக்கும் வேலை செய்வதில்லை என்பதை. மருந்து வேலையே செய்யாது என்று சொல்லவில்லை. டோசிடாக்செல் என்ற கீமோ மருந்து ஆயுளை நீட்டுகிறது என்பது 2004இலேயே உறுதியானது. புரியாத பயம் இருந்தால் மருத்துவரிடம் கொட்டிவிடுங்கள். ஊசியை நிறுத்திவிட்டு வீட்டில் உட்காராதீர்கள்.

'மண்தான் முக்கியம்' என்றால் உடலைச் சுத்தப்படுத்தி, காரத்தன்மையாக்கிப் புற்றைத் தடுக்கலாமே?

இந்த வாதத்தை விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பணத்தையும், அதைவிட மேலான காலத்தையும் இழக்கும் குடும்பங்களை நினைத்தால் மனம் வலிக்கிறது. பேஜெட் சொன்ன மண் என்பது திசுவில் உள்ள செல்களும் அவை சுரக்கும் புரதங்களும். எதைக் குடித்தாலும் ரத்தத்தின் காரத்தன்மையை நுரையீரலும் சிறுநீரகமும் ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். உடற்பயிற்சி, எடைக் கட்டுப்பாடு, புகையை விடுதல் இவற்றால் உண்மையான நன்மை உண்டு. ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவருக்கு எலும்பும் தசையும் தேய்வதால் உடற்பயிற்சி இன்னும் அவசியம். இவை சிகிச்சையோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை.

எல்லாப் புராஸ்டேட் புற்றும் பரவிவிடுமா?

இல்லை. பெரும்பாலானவை மெதுவானவை. பிரிட்டனில் 1,643 பேரை மூன்று பிரிவாக்கி, கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று ஆளுக்கொன்று கொடுத்து நடத்திய சோதனையின் 15 ஆண்டு முடிவு 2023இல் வந்தது. மூன்று பிரிவிலும் புராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் ஏறக்குறைய 3 சதவீதமே. சுரப்பிக்குள் அடங்கிய, பெரும்பாலும் தீவிரம் குறைந்த நோய்க்கு இது பொருந்தும். எந்தக் கட்டி அடங்கிக் கிடக்கும், எது கிளம்பும் என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்ல, சுற்றுப்புறத்தைப் படிப்பது உதவும் என்பதே ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு.

அறுவையில் எடுத்த திசுவை ஆய்வுக்குத் தரச் சொல்கிறார்கள். தரலாமா?

தரலாம் என்பது என் கருத்து. நோயைக் கண்டறிய வேண்டிய பகுதி முதலில் உங்கள் ரிப்போர்ட்டுக்குப் போகும். மீந்தது மட்டுமே ஆய்வுக்கு. மேலே சொன்ன 1999 சோதனை, நோயாளிகளின் கட்டியிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் இல்லாமல் நடந்திருக்காது. முழுச் சுரப்பியை அகற்றும்போது கட்டியோடு அதைச் சுற்றிய ஸ்ட்ரோமா, கொழுப்பு, நரம்பு எல்லாம் இருந்த இடத்திலேயே கிடைக்கின்றன. ஊசி பயாப்சியில் இது கிடைக்காது.

கையெழுத்துப் போடும் முன் மூன்றைக் கேளுங்கள்: பெயரும் முகவரியும் திசுவோடு போகுமா, மரபணுச் சோதனை செய்வார்களா, பிறகு மனம் மாறினால் திரும்பப் பெற முடியுமா. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தாலும் உங்கள் சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது. ஒப்புதல் படிவத்திலேயே அது எழுதியிருக்க வேண்டும்.